வியாகுல மாதா ஜெபமாலை: பிள்ளையை இழந்த தாயோடு உட்கார்ந்து சொல்வது எப்படி

மேட்டூரில் தண்ணீர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே மதகு தூக்கியதும் எங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஆற்றங்கரையில் கூட்டம் கூடிவிடும். காய்ந்து கிடந்த மணலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் ஊர்ந்து வருவதைப் பார்க்க ஊரே போகும். பூவும் விதைநெல்லும் போட்டுக் கும்பிடுவார்கள். டெல்டாக்காரர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. பல வருஷத்துக்கு முன்னால், அப்படித் தண்ணீர் வந்த நாலாம் நாள், ஆறு கரை தொட்டு ஓடியபோது, குளிக்கப் போன என் மூத்தவன் திரும்பி வரவில்லை. பதினேழு வயது. மூன்றாம் நாள் காலையில் மதகுக்குக் கீழே நாணலுக்குள் கிடைத்தான்.

அடக்கம் முடிந்து பதினாறாம் நாள், கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வீட்டுப் பெரியம்மா வந்தார். வந்தவர் ஒன்றும் பேசவில்லை. பாயை விரித்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, “ஏழு துக்கம் சொல்லுவோமா, பொண்ணு?” என்றார். மாதாவின் ஏழு துக்கங்களை நினைத்து மணி எண்ணிச் சொல்லும் வியாகுல மாதா ஜெபமாலையைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு ஜெபமே வரவில்லை என்றேன். “நீ வாயைத் திறக்க வேண்டாம். நான் சொல்றேன். நீ மணியை மட்டும் பிடிச்சுக்க.”

அன்று பிடித்த மணிதான். இப்போது எங்கள் பங்கிலும் பக்கத்து ஊர்களிலும் ஒரு வீட்டில் பிள்ளை போய்விட்டால் என்னைக் கூப்பிடுகிறார்கள். என்னால் எத்தனை நாள் நடக்க முடியுமோ தெரியாது. அதனால் எப்படிச் சொல்வது என்பதை எழுதி வைக்கிறேன். சாமியார் வேண்டும், சிஸ்டர் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

மணியைக் கோப்பது

சாதாரண ஜெபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து கூட்டம். வியாகுல ஜெபமாலையில் ஏழு ஏழாக ஏழு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் ஒரு பரலோக மந்திரம், பிறகு ஏழு அருள் நிறைந்த மரியே. கடைசியில் தனியாக இன்னும் மூன்று அருள் நிறைந்த மரியே. கணக்குப் பார்த்தால் ஏழு பெரிய மணி, ஐம்பத்திரண்டு சிறிய மணி, மொத்தம் ஐம்பத்தொன்பது.

இந்த மணிக்காக வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் தேடி அலைய வேண்டாம். வீட்டில் இருக்கும் சாதாரண ஜெபமாலையைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். ஐம்பத்து மூன்று சிறிய மணி, ஆறு பெரிய மணி. அதுவும் ஐம்பத்தொன்பதுதான். முதல் தடவை எண்ணியபோது நான் நம்பாமல் முறத்தில் கொட்டித் திரும்ப எண்ணினேன். அதே மணிகள், மகிழ்ச்சிக்குக் கோத்ததைப் பிரித்துத் துக்கத்துக்குக் கோக்கலாம். ஒரு சிறிய மணி மட்டும் பெரிய மணியின் இடத்துக்கு ஏற வேண்டும்.

மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் தங்கூசி நரம்பு ஒன்றரை மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய மணி ஒன்று, சிறிய மணி ஏழு என்று ஏழு தடவை கோத்து வட்டமாக முடியுங்கள். முடிந்த இடத்திலிருந்து வால் மாதிரி மூன்று சிறிய மணி, அதன் நுனியில் சிலுவையோ மாதா பதக்கமோ. கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டால் இருட்டிலும் விரலுக்குத் தெரியும். கடைசி முடிச்சை நெருப்புக்குச்சியில் லேசாகக் காட்டுங்கள், இளகி ஒட்டிக்கொள்ளும்.

நான் பிரித்துக் கோத்தது என் பிள்ளையின் ஜெபமாலை. குளிக்கப் போகும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். ஏழாவது பெரிய மணிக்கு அவன் பள்ளிக்கூடச் சட்டையின் பொத்தானைக் கோத்தேன். அதனால் ஒரு சிறிய மணி மிச்சமானது. அதை அமிர்தாஞ்சன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

கோக்கவெல்லாம் அவகாசம் இல்லை, இன்றே போக வேண்டும் என்றால் சாதாரண ஜெபமாலையே போதும். ஒவ்வொரு பத்திலும் ஏழு மணி சொல்லி மூன்றை விட்டு நகருங்கள். ஐந்து துக்கம் முடியும்போது ஒரு சுற்று முடியும். முதல் இரண்டு பத்தில் திரும்ப வந்து மீதி இரண்டையும் சொல்லிவிடலாம்.

யார், எங்கே, எப்போது

முதல் தடவை அன்பியம் முழுவதையும், அதாவது தெருவில் சேர்ந்து ஜெபிக்கும் குடும்பங்கள் எல்லாரையும், கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நான்கு பேர் போதும். அதில் ஒருவராவது பிள்ளையை இழந்தவராக இருந்தால் நல்லது. மைக் வேண்டாம். அந்த அம்மா சுவரில் சாய்ந்திருந்தால் நீங்களும் கீழே உட்காருங்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்கிற ஜெபம் இல்லை இது. விளக்கு ஒன்று, மாதா சுரூபம் இருந்தால் ஒன்று. பிள்ளையின் படத்தை வைக்கலாமா என்று அந்த அம்மாவைக் கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், விட்டுவிடுங்கள். அவசரப்படாமல் சொன்னால் முக்கால் மணி நேரம் ஆகும்.

பழைய ஆட்கள் “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே” என்று தொடங்குவார்கள், நடு வயதுக்காரர்கள் “அருள் நிறைந்த மரியே” என்பார்கள், பிள்ளைகள் “அருள் மிகப் பெற்ற மரியே” என்பார்கள். யாரையும் திருத்தாதீர்கள். அவரவருக்கு அவரவர் அம்மா சொல்லிக்கொடுத்த வார்த்தையில்தான் அழுகை வரும்.

நாள் என்று பார்த்தால் வெள்ளிக்கிழமை, தபசு காலம், அப்புறம் செப்டம்பர் 15. வேளாங்கண்ணித் திருவிழா 8ஆம் தேதி முடிந்து, காவி உடுத்தி நடந்துபோனவர்கள் எல்லாம் ஊர் திரும்பிய ஒரு வாரத்தில் வருகிறது வியாகுல மாதா திருநாள். 14 திருச்சிலுவைத் திருநாள், மறுநாள் சிலுவையடியில் நின்ற தாய்க்கு. மாதாவின் துக்கங்களை நினைக்கும் இந்தப் பக்தி 1233-ல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து ஏழு பேர் தொடங்கிய மரியாயின் ஊழியர் சபை வழியாகப் பரவியது. திருநாளை 1814-ல் ஏழாம் பத்திநாதர் திருச்சபை முழுமைக்கும் கொடுத்தார், 1913-ல் அது செப்டம்பர் 15 என்று நிலைத்தது. நம் பக்கத்துக்கும் இது புதிதில்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், மாதாவின் அழுகைக்கென்றே அன்னை அழுங்கல் அந்தாதி பாடி வைத்திருக்கிறார். தஞ்சாவூரில் வியாகுல மாதாவுக்குத் தனிக் கோயிலே இருக்கிறது.

ஏழு துக்கம்

சிலுவை அடையாளம் போட்டு, பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் சொல்லித் தொடங்குங்கள். ஒவ்வொரு துக்கத்துக்கும் முதலில் அது என்ன என்று இரண்டு வரியில் சொல்லுங்கள், கொஞ்சம் மௌனம், பிறகு மணி.

முதலாவது, சிமியோன் சொன்னது. குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் கோயிலுக்குத் தூக்கிப் போகிறார்கள். ஏழைகள் கொடுக்கிற புறாக் காணிக்கைதான் அவர்களால் முடிந்தது. நம் வீட்டில் நாற்பது கழித்து, தலைக்குத் தண்ணீர் விட்டு, புதுச் சட்டை போட்டுக் கோயிலுக்குத் தூக்கிப் போவோமே, அந்த மாதிரிச் சந்தோஷமான நாள். அன்றைக்குத்தான் அந்தப் பெரியவர் குழந்தையைக் கையில் வாங்கி ஆசீர்வதித்துவிட்டு, தாயைப் பார்த்து, உமது உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும் என்கிறார். எல்லாரும் பூப்போட்டுக் கும்பிட்ட தண்ணீர் என் பிள்ளையைக் கொண்டுபோனதை இந்த இடத்தில் வைத்துத்தான் என்னால் சொல்ல முடிகிறது. நல்ல நாளிலேயே வாளும் இருந்தது என்று மாதாவுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கும் இப்படி ஒரு நல்ல நாள் இருக்கும், பிறந்தநாளோ பரீட்சை முடிவு வந்த நாளோ. அவர் சொல்ல நினைத்தால் சொல்லட்டும், காத்திருங்கள்.

இரண்டாவது எகிப்துக்கு ஓடியது. ஏரோதுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியது. இங்கே பெத்லகேமில் கொல்லப்பட்ட குழந்தைகளின் தாய்மாரையும் சேர்த்துக்கொள்கிறேன். மாதாவின் பிள்ளை தப்பினான், அவர்கள் பிள்ளைகள் தப்பவில்லை. ராகேல் தன் குழந்தைகளுக்காக அழுது ஆறுதல் பெற மறுத்தாள் என்று மத்தேயு அந்த இடத்தில் எழுதுகிறார். ஆறுதல் பெற மறுத்ததை அவர் குற்றமாகச் சொல்லவில்லை.

2004-க்குப் பிறகு இந்தத் துக்கத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். அந்த வருஷம் ஜூலை 16, உத்தரிய மாதா திருநாள் அன்று, கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அதே வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். வேளாங்கண்ணிக்குக் கும்பிட வந்தவர்களும் அதில் உண்டு. கடல் வந்து இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28, ஏரோது கொன்ற அந்த மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். அன்று பூசையில் ராகேலைப் பற்றி வாசித்தபோது கோயிலில் ஒருவராலும் தலை நிமிர முடியவில்லை. இந்தத் தாய்மாரில் எத்தனையோ பேர் நம் வேதம் இல்லை. அதனால் என்ன? என் தெருவில் இந்து வீட்டு அத்தாச்சி ஒருவர் இருக்கிறார். மகளைக் காய்ச்சலில் கொடுத்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து உட்காருவார். அவருக்கு மந்திரம் தெரியாது. “மாதாவே” என்று மட்டும் ஏழு தடவை சொல்லுவார்.

மூன்றாவது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் காணாமல் மூன்று நாள் தேடியது. முதல் நாள் முழுவதும் சொந்தக்காரர் கூட்டத்தில் எங்காவது இருப்பான் என்று நினைத்துக்கொண்டு வழிநடந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தை வீட்டுக்குப் போயிருப்பான், தோப்பில் இருப்பான் என்று. மாதாவுக்கு மூன்றாம் நாள் கோயிலில் கிடைத்தான். “மகனே, ஏன் இப்படிச் செய்தாய்?” என்று அவரால் கேட்க முடிந்தது.

இந்தத் துக்கத்தை ஆறு வருஷம் என்னால் சொல்ல முடியவில்லை. மூன்றாவது பெரிய மணி வந்தால் தொண்டை அடைத்துவிடும். பெரியம்மா ஒரு தடவைகூட நிறுத்தவில்லை, என்னைச் சொல்லச் சொல்லவும் இல்லை. அந்த ஏழு மணியையும் அவரே சொல்லி, நாலாவதில் என் கையில் கொடுத்துவிடுவார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு துக்கம் அந்த அம்மாவுக்கு வாயில் வரவில்லை என்றால் மற்றவர்கள் அவருக்காகச் சொல்லுங்கள். ஜெபம் அறுந்துபோகக் கூடாது, அவரை வற்புறுத்தவும் கூடாது.

நான்காவது, சிலுவை சுமந்து போகிற வழியில் மகனைப் பார்த்தது. சிலுவைப் பாதையில் நாலாம் ஸ்தலம். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று சுவிசேஷத்தில் இல்லை. நீங்களும் ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

ஐந்தாவது சிலுவையடி. சிலுவை அருகில் தாய் நின்றார் என்று யோவான் எழுதுகிறார். நின்றார் என்றுதான் இருக்கிறது. புனித அம்புரோஸ், அவர் நின்றதாக வாசிக்கிறேன், அழுததாக வாசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். என் பிள்ளை அடக்கத்தன்று ஒருவர் இதைச் சொல்லித்தான் என்னை அடக்கினார். “மாதாவே அழவில்லை, நீ ஏம்மா இப்படிக் கத்துறே?” என்றார். அந்த வார்த்தை பல வருஷம் என் நெஞ்சில் கிடந்தது. இப்போது அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. இந்த ஜெபமாலையின் வாலில் தொங்கும் மூன்று மணி எதற்குத் தெரியுமா? மாதா சிந்திய கண்ணீருக்காக. கண்ணீருக்கென்று மணி எண்ணி வைத்த திருச்சபை, அழாதே என்று சொல்லுமா? லாசரின் கல்லறையில் ஆண்டவரே அழுதார். பெரிய வெள்ளிக்கிழமை நம் ஊர்க் கோயிலில் சுரூபத்துக்குக் கறுப்பு முக்காடு போட்டு, கிழவிகள் மாரில் அடித்துக்கொண்டு பிலாக்கணம் சொல்லும்போது யாராவது வாயை மூடு என்றார்களா? நின்றுகொண்டே அழலாம். ஐந்தாவது துக்கத்தில் முடிந்தவர்கள் எழுந்து நில்லுங்கள். அந்த அம்மாவால் முடியாவிட்டால் அவரைச் சுற்றி நில்லுங்கள்.

ஆறாவது, இறக்கி மடியில் வைத்தது. இதற்கு ஒரு துணி வேண்டும். சொல்கிறேன்.

நிறையத் தாய்மாருக்குப் பிள்ளையைக் கடைசியாக மடியில் வைக்கக் கொடுத்து வைக்காது. விபத்து, தண்ணீர், தீ என்றால் அறுத்துப் பார்த்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டித்தான் வரும். முகத்தை மட்டும் காட்டுவார்கள். என் பிள்ளைக்கு அதுவும் வேண்டாம் என்று ஆண்கள் சொல்லிவிட்டார்கள். நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் என் கைக்கு அது தெரியவில்லை. ராத்திரியில் கை தானாக மடியைத் தடவும்.

பெரியம்மா முதல் தடவை வந்தபோதே இந்த இடத்தில் எழுந்து உள்ளே போனார். கொடியில் கிடந்த அவன் சாரத்தை, கைலியை, எடுத்து, நாலாக மடித்து, என் மடியில் வைத்துவிட்டு ஆறாவது பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். துவைக்காத சாரம். வேர்வையும் ஆற்று மணலும் சேர்ந்த வாசனை அதில் இருந்தது. பதினாறு நாளில் முதல் தடவை அன்றுதான் என் கை ஓரிடத்தில் நின்றது.

அதனால் ஜெபத்துக்குப் போகும் முன் வீட்டில் ஒருவரிடம், நாத்தனாரிடமோ அக்காவிடமோ, பிள்ளையின் துணி ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். துவைக்கப் போட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லுங்கள். குறைப்பிரசவத்தில் போன குழந்தை என்றால் துணியே இருக்காது. அப்போது ஒரு புது வெள்ளைக் கைக்குட்டை மடித்துக் கொடுக்கலாம். ஊர் அந்தப் பிள்ளையைக் கணக்கில் சேர்க்காது. நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஏழு மணியையும் மெதுவாகச் சொல்லுங்கள்.

ஏழாவது கல்லறையில் வைத்தது. பிறருடைய கல்லறை, அவசரமான அடக்கம். அதைச் சொல்லி முடித்ததும் உடனே வாலுக்கு வந்து, கண்ணீருக்காக அந்த மூன்று மணியையும் சொல்லுங்கள். இதை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

சொல்லக் கூடாதவை

ஆண்டவருக்குப் பூ தேவைப்பட்டது, அதனால் பறித்துக்கொண்டார் என்று சொல்லாதீர்கள். உனக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். உயிர்ப்பைப் பற்றிப் பேசலாம், அது நம் விசுவாசம், நான் அதில்தான் உயிரோடு இருக்கிறேன். ஆனால் அந்த அம்மா கேட்கும்போது பேசுங்கள். மாதாவே சனிக்கிழமை ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தவர்.

யோவானைப் பார்த்து “இவரே உம் தாய்” என்று ஆண்டவர் சொன்னதும் அந்தச் சீடர் ஆறுதல் வார்த்தை எதுவும் சொன்னதாக எழுதவில்லை. மாதாவைத் தம் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அதை நாம் செய்யலாம். ஒரு வேளைச் சோறு, குடத்தில் தண்ணீர், ரேஷன் கடைக்கு ஒரு நடை, ஸ்கூலில் இருக்கும் சின்னப் பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவது.

முடித்த பிறகு

உடனே எழுந்து செருப்பைத் தேடாதீர்கள். ஒருவர் அடுப்படிக்குப் போய்க் காப்பி போடட்டும். மற்றவர்கள் அப்படியே இருங்கள். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் அந்த அம்மா பேசுவார். பிள்ளை எப்போது நடந்தான், எது பிடிக்கும், கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று. பிள்ளையின் பேரை நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். செத்த பிள்ளையின் பேரை ஊரே ஒளித்துவைக்கும்போது அதை யாராவது சொல்லமாட்டார்களா என்று தாய்க்கு ஏங்கிக் கிடக்கும்.

பிறகு ஏழு வெள்ளிக்கிழமை தொடர்ந்து போங்கள். அதற்கப்புறம் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கூடவே போய்ப் புல் செதுக்கி மெழுகுவத்தி ஏற்றிக் கொடுங்கள். வருஷம் திரும்பும் நாளைக் காலண்டரில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மூன்றாம் வருஷத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

பெரியம்மா இப்போது இல்லை. இருந்தவரை ஒவ்வொரு வருஷமும் புதுத் தண்ணீர் வந்த நாலாம் நாள் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டுவார். இரண்டு பேருமாகப் படித்துறைக்குப் போவோம். ஊர் போட்ட பூவெல்லாம் அதற்குள் அடித்துக்கொண்டு போயிருக்கும். மேல் படியில் உட்கார்ந்து மணி எண்ணுவோம். தண்ணீர் சத்தத்தில் அவர் சொல்வது எனக்குக் கேட்காது, நான் சொல்வது அவருக்குக் கேட்காது. ஏழாவது பெரிய மணியில் என் விரலுக்குப் பொத்தான் தட்டுப்படும்போது அவர் கையை நீட்டி என் முழங்காலில் வைப்பார். இந்த வருஷம் அத்தாச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.